விசுவாசமா, கிரியையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவன். மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் 'இரட்சிப்பு' என்ற சொல்லும் புழங்கும், 'மீட்பு' என்ற சொல்லும் புழங்கும். 'கிருபை' என்று நான் சொல்வதை அவள் 'அருள்' என்பாள். பல வருடங்கள் வேதபாட வகுப்பு நடத்தியதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். பலருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

கடவுள் ஒரு பாவியை எதை வைத்து ஏற்றுக்கொள்கிறார் என்பதைப் பற்றியது. அவன் கிறிஸ்துவை விசுவாசிப்பதால் மட்டுமா, அல்லது அந்த விசுவாசத்தோடு அவனுடைய நற்செயல்களுக்கும் அதில் இடம் உண்டா?

எது சண்டை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'நான் நல்லவனாக வாழ்ந்து, என் முயற்சியால் பரலோகத்தைச் சம்பாதித்துக்கொள்வேன்' என்பதைப் பெரிய சபைகள் எதுவும் போதிப்பதில்லை. கிருபையின் உதவி இல்லாமலே மனிதன் பாவமின்றி வாழ முடியும் என்ற கருத்து பெலாஜியுஸ் என்பவரின் பெயரோடு சேர்ந்தது. அதே காலத்து ஆயர் அகுஸ்தீன் அதைக் கடுமையாக எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதை நிராகரித்தார்கள். அதே போல, 'விசுவாசித்துவிட்டேன், இனி எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை' என்பதையும் எந்தப் பெரிய சபையும் அதிகாரபூர்வமாகப் போதிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் ஐந்நூறு வருடங்களாக வாதம் நடக்கிறது.

விசுவாசம், கிரியை, நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன?

சண்டையில் பாதி இந்தச் சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

விசுவாசத்துக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்'. ஒருவரை நம்பிச் சார்ந்திருப்பது, அவருக்கு உண்மையாக இருப்பது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. தமிழில் நமக்கு இது எளிதாகப் புரியும். 'விசுவாசமான வேலைக்காரர்' என்று நாம் சொன்னால், முதலாளி இருக்கிறார் என்று நம்புகிறவர் என்று யாரும் நினைப்பதில்லை. முதலாளியைக் கைவிடாதவர் என்றுதான் புரிந்துகொள்கிறோம். புதிய பொது மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை' என்கிறது. அந்தச் சொல்லில் சார்ந்திருத்தல் தெளிவாக வருகிறது, உண்மையாயிருத்தல் கொஞ்சம் மங்குகிறது. இரண்டு தமிழ்ச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிஸ்டிஸ் முழுதாகக் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

கிரியை என்றால் செயல். சடங்கும் செயல்தான், தருமமும் செயல்தான், பசித்தவனுக்குச் சோறு போடுவதும் செயல்தான். புதிய ஏற்பாட்டில் நிருபங்கள் எழுதிய பவுல் எந்தச் செயலைச் சொல்கிறார், யாக்கோபு எந்தச் செயலைச் சொல்கிறார் என்று பார்க்காமல் வசனங்களை மோதவிடக் கூடாது.

'நீதிமானாக்கப்படுதல்' என்ற சொல்லில் 'ஆக்கு' என்பதைக் கவனியுங்கள். ஒருவனை உள்ளே மாற்றி நல்லவனாக்குவது என்றுதான் நம் காதில் விழுகிறது. லத்தீன் சொல்லும் இதே போல 'ஆக்கு' என்ற வேர் கொண்டது. கிரேக்கச் சொல்லோ பெரும்பாலும் நீதிமன்ற வாசனை உடையது. நீதிபதி ஒருவனைப் பார்த்து 'இவன் நீதிமான்' என்று தீர்ப்புச் சொல்வது அது. தீர்ப்பா, மாற்றமா? பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா பிளந்ததற்கு இந்த ஒரு சொல் முக்கியமான காரணங்களில் ஒன்று.

பவுலும் யாக்கோபும் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்களா?

படித்தவுடன் அப்படித்தான் தோன்றும். பவுல் சொல்கிறார்: 'மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்' (ரோமர் 3:28). நியாயப்பிரமாணம் என்பது மோசே வழியாக யூதருக்கு வந்த சட்டம். யாக்கோபு சொல்கிறார்: 'மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்' (யாக்கோபு 2:24). புதிய ஏற்பாட்டில் விசுவாசம், 'மாத்திரம்' என்ற இரண்டு சொற்களும் இப்படி ஒன்றாக வருகிற ஒரே இடம் இந்த யாக்கோபு வசனம்தான். அங்கேயும் 'அல்ல' என்று வருகிறது.

இருவரும் ஒரே மனிதனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆபிரகாம். இருவரும் ஒரே வசனத்தையும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6. ஆனால் பவுல் அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு காலத்தைக் கணக்குப் பார்க்கிறார். விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது, ஆகவே ஆபிரகாம் விருத்தசேதனம் பெறும் முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டவன் என்கிறார். யாக்கோபு அதற்கும் அப்புறம், 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய அந்த நாளில் 'கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது' என்கிறார். ஒருவர் கதையின் தொடக்கத்தில் நிற்கிறார். மற்றவர் பல வருடங்கள் கழித்து நிற்கிறார்.

இன்னும் முக்கியமானது, அவர்கள் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. பவுலின் முன்னால் இருப்பவன், 'நான் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்கிறேன், அது இல்லாத இந்தப் புறஜாதியான் எப்படி எனக்குச் சமமாவான்?' என்று கேட்கிறவன். யாக்கோபின் முன்னால் இருப்பவன், உடுத்தத் துணியும் அன்றன்றைய உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து, 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு விசுவாசம் இருக்கிறது என்கிறவன். யாக்கோபு மறுப்பது இந்த வாய் விசுவாசத்தை. 'பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன' என்று அவர் சொல்லும்போது எந்த வகை விசுவாசத்தைச் சொல்கிறார் என்பது தெளிவாகிவிடுகிறது. பவுல் அந்த வகையை விசுவாசம் என்றே சொல்லியிருக்க மாட்டார். 'அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்' என்பது பவுலின் வரிதான் (கலாத்தியர் 5:6).

இருவருக்கும் இடையே எந்த உரசலும் இல்லை என்று நான் சொல்லவில்லை. உரசல் இருக்கிறது. அது நல்லதற்கே என்று நினைக்கிறேன். ஒருவருடைய புத்தகம் மட்டும் கிடைத்திருந்தால் நாம் எந்தப் பக்கமாவது சாய்ந்து விழுந்திருப்போம்.

'இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும்?' என்ற கேள்விக்கு வேதத்தில் நேரடியான பதில் உண்டா?

உண்டு, ஆனால் ஒன்றல்ல. இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் இதைக் கேட்டான். நிலநடுக்கத்தில் கதவுகள் திறந்துகொண்டன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துத் தன்னையே குத்திக்கொள்ளப் போனவன் அவன். நடுங்கிக்கொண்டே பவுலின் காலில் விழுந்து கேட்டபோது கிடைத்த பதில்: 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி' (அப்போஸ்தலர் 16:31).

ஏறக்குறைய இதே கேள்வியை இயேசுவிடம் ஒரு பணக்காரத் தலைவன் கேட்டான். கற்பனைகளையெல்லாம் சிறு வயது முதல் கைக்கொண்டிருக்கிறேன் என்றான். அவனுக்கு இயேசு 'விசுவாசி' என்று சொல்லவில்லை. உனக்கு உண்டானதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு, அப்புறம் என்னைப் பின்பற்றி வா என்றார் (லூக்கா 18). எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளில் மனம் குத்தப்பட்டுக் கேட்ட கூட்டத்துக்குப் பேதுரு, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் (அப்போஸ்தலர் 2).

ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள். பதில் சொன்னவர்கள் குழப்பத்தில் இருந்தார்களா? இல்லை. கேட்டவர்கள் வேறு வேறு ஆட்கள். கையில் எதுவும் இல்லாமல் நடுங்குகிறவனிடம் 'இதைச் செய், அதைச் செய்' என்று பட்டியல் கொடுப்பது கொடுமை. கை நிறைய வைத்துக்கொண்டு தன்னைப் பற்றி நிம்மதியாக இருப்பவனிடம் 'நம்பினால் போதும்' என்பது அவனை இன்னும் ஆழமாகத் தூங்கவைப்பது. அந்தப் பணக்காரனின் விசுவாசம் எங்கே இருந்தது என்பது சொத்தை விற்கச் சொன்னபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

சபைகள் செய்த பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான். பவுலின் மருந்தை யாக்கோபின் நோயாளிக்கும், யாக்கோபின் மருந்தைப் பவுலின் நோயாளிக்கும் மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

பவுல் சொல்லும் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' எல்லா நற்செயல்களையும் குறிக்குமா?

இதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மனிதன் கடவுள் முன்னால் தகுதி தேடுவதற்காகச் செய்யும் எந்தச் செயலும் இதில் அடங்கும் என்பது லூத்தர், கால்வின் போன்ற பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்களின் வாசிப்பு. 1977-இல் இ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர், பவுல் காலத்து யூத மதம் நற்செயலால் இரட்சிப்பைச் சம்பாதிக்கிற மதமே அல்ல என்று வாதிட்டார். கடவுளின் உடன்படிக்கைக்குள் யூதர்கள் இருப்பது அவருடைய கிருபையால், சட்டத்தைக் கைக்கொள்வது அந்த உறவுக்குள் நிலைத்திருப்பதற்காக என்றார். அதன் தொடர்ச்சியாக ஜேம்ஸ் டன், என். டி. ரைட் போன்றோர், 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' என்று பவுல் குறிப்பாகச் சொல்வது விருத்தசேதனம், உணவுச் சட்டம், ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களை என்றார்கள்.

இந்த வாசிப்பு யூதர்களைப் பற்றி நம் பிரசங்கங்களில் வந்துவிட்ட அநியாயமான கேலிச்சித்திரத்தைத் திருத்தியது. அதற்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும். ஆனால் ரோமர் 4-இல், வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையாக எண்ணப்படாது, கடனாகவே எண்ணப்படும் என்று பவுல் சொல்கிற இடம், அடையாளச் சடங்குகளைவிடப் பெரிய ஒன்றைத் தொடுகிறது என்றே எனக்குப் படுகிறது.

லூத்தர் வேதத்தில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார் என்கிறார்களே?

ஆம், சேர்த்தார். புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி அவர். 1522-இல் வெளியான அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28-இல் 'விசுவாசத்தினால் மட்டும்' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் 'மட்டும்' இல்லை. இதைக் கேட்டவர்களுக்கு அவர் 1530-இல் எழுத்திலேயே பதில் சொன்னார். அந்தச் சொல் மூலத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் 'இது அல்ல, அது' என்று ஜெர்மானியர் பேசும்போது 'மட்டும்' என்று சேர்த்துத்தான் பேசுவார்கள், பவுலின் கருத்தும் அதைக் கேட்கிறது என்றார். இப்படிச் சொன்ன முதல் ஆளும் அவர் அல்ல. நான்காம் நூற்றாண்டு ஆயர் ஹிலாரி மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விளக்கத்திலேயே இந்தச் சொல்லாட்சி இருக்கிறது.

யாக்கோபின் நிருபத்தை அவர் 'வைக்கோல் நிருபம்' என்றதும் உண்மை. அதுவும் 1522 முன்னுரையில்தான். பிற்காலப் பதிப்புகளில் அந்த வரியை விட்டுவிட்டார். நிருபத்தையும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. அந்த வரி தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதை எழுதியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். 1505-இல் துறவு மடத்தில் சேர்ந்து, உபவாசமும் விழிப்பும் பாவசங்கீர்த்தனமுமாக உடலை வருத்தியும், 'போதுமா, போதுமா' என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாமல் தவித்தவர் அவர். சிறைக்காவலனுக்குக் கிடைத்த பதில்தான் அவருக்கு உயிர் கொடுத்தது. அதே லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்காதது, நன்மை செய்யலாமா என்று கேட்பதற்கு முன்பே செய்துவிட்டிருப்பது என்ற பொருளில் எழுதுகிறார்.

கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பு என்று போதிக்கிறார்களா?

நான் சிறு வயதில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். அது சரியல்ல.

லூத்தரின் இயக்கத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரபூர்வமாகப் பதில் சொன்னது திரெந்து பொதுச்சங்கத்தில். 1545 முதல் 1563 வரை, இடைவெளிகளோடு அது நடந்தது. அதன் ஆறாம் அமர்வு 1547 ஜனவரி 13 அன்று இந்தப் பொருளைப் பற்றிய ஆணையை வெளியிட்டது. 16 அதிகாரங்கள், 33 கண்டனங்கள். முதல் கண்டனமே, கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்பவனுக்கு எதிரானது. அதாவது பெலாஜியுஸுக்கு எதிரானது. எட்டாம் அதிகாரம் இன்னும் தெளிவு. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வருகிற எதுவும், விசுவாசமோ செயலோ, அந்த அருளுக்குத் தகுதி தேடித்தருவதில்லை என்கிறது. என் உறவினர்களிடம் இதை வாசித்துக் காட்டியபோது, இது நம் சபையில் எழுதியதா என்று கேட்டார்கள்.

ஆனால் அதே ஆணை, பாவி விசுவாசத்தினால் மட்டும் நீதிமானாகிறான், வேறு எதுவும் ஒத்துழைக்கத் தேவையில்லை, அவனுடைய விருப்பம்கூட அதற்காகத் தயாராக வேண்டியதில்லை என்பதையும் கண்டிக்கிறது. அருளைப் பெற்ற பிறகு செய்யும் நற்செயல்கள் வெறும் அடையாளங்கள் மட்டுமல்ல, அவை நீதியை வளர்க்கின்றன என்றும் சொல்கிறது. 'பேறுபலன்' என்ற சொல் இங்கேதான் வருகிறது. அது புராட்டஸ்டன்ட் காதுக்குக் கூலிக் கணக்கு போலக் கேட்கும். கத்தோலிக்கர் அதற்கு அகுஸ்தீனின் கருத்தைத்தான் காட்டுவார்கள்: கடவுள் நம் பேறுகளுக்கு முடி சூட்டும்போது தம்முடைய கொடைகளுக்கே முடி சூட்டுகிறார்.

அப்படியானால் பாவமன்னிப்புச் சீட்டு விற்றது?

விற்பனை நடந்தது. அதற்கு எதிராகத்தான் 1517 அக்டோபர் 31 அன்று லூத்தரின் 95 கருத்துகள் வந்தன. அந்தச் சீட்டு, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீதமிருக்கும் தற்காலிகத் தண்டனையைக் குறைப்பது என்பதே திருச்சபையின் கோட்பாடு. காசுக்கு மன்னிப்பு என்று கோட்பாடு சொல்லவில்லை. ஆனால் சந்தையில் சாதாரண மனிதனுக்குப் புரிந்தது காசுக்கு மன்னிப்பு என்றுதான். திரெந்து சங்கமே பிறகு இதில் பண வசூலை ஒழிக்க ஆணையிட்டது.

இரண்டு பக்கமும் இவ்வளவு நெருக்கம் என்றால், மிஞ்சும் வித்தியாசம் என்ன?

முன்னே சொன்ன 'தீர்ப்பா, மாற்றமா' என்பதுதான். புராட்டஸ்டன்ட் போதனையில் இரண்டு படி உண்டு. கிறிஸ்துவின் நீதி விசுவாசிக்கு எண்ணப்படுகிறது. இது ஒரே தீர்ப்பு, கூடாது, குறையாது. அதோடு பிரியாமல், ஆனால் வேறாக, பரிசுத்தமாக்கப்படுதல் என்ற வளர்ச்சி தொடங்குகிறது. நற்செயல்கள் இந்த இரண்டாவதில்தான் சேரும். நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆனால் அந்த விசுவாசம் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை என்று கால்வின் திரெந்துக்குப் பதில் எழுதினார்.

கத்தோலிக்கப் போதனையில் இந்த இரண்டும் ஒன்றே. கடவுள் ஒருவனை நீதிமான் என்று சொல்வதும் அவனை நீதிமானாக ஆக்குவதும் ஒரே செயல். அவருடைய அருள் உள்ளே ஊற்றப்படுகிறது, அது வளரும், கொடிய பாவத்தால் இழக்கவும்படும்.

மரணப் படுக்கையில் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நாளைக்குக் காலையில் பக்கத்து வீட்டுக்காரனை எப்படி நடத்துவது என்று கேட்டால் ஏறக்குறைய மறைந்துவிடும்.

சமரசம் செய்து பார்க்கவே இல்லையா?

செய்தார்கள். 1541-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பு இறையியலாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். புராட்டஸ்டன்ட் பக்கம் மெலாங்தன், புட்சர், கத்தோலிக்கப் பக்கம் எக். போப்பின் தூதராகக் கர்தினால் கொந்தாரினி வந்திருந்தார். நம்ப முடியாதபடி, நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஒரு பொது வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். திருவிருந்து, திருச்சபையின் அதிகாரம் போன்றவற்றில் பேச்சு முறிந்தது. ஒப்புக்கொண்ட அந்த வாசகத்தையும் ரோமும் ஏற்கவில்லை, லூத்தரும் ஏற்கவில்லை. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. ஆறு வருடத்தில் திரெந்து ஆணை வந்துவிட்டது.

அடுத்த வாய்ப்புக்கு 458 வருடங்கள் ஆயின. 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரில், உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. அதன் 15-ஆம் பத்தியின் சாரம் இது: நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நம் இதயங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிற பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம். 2006-இல் உலக மெதடிஸ்ட் மன்றமும், 2017-இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் ஐக்கியமும் சேர்ந்துகொண்டன. எல்லாரும் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மிசௌரி சினாட் லூத்தரன் சபை போன்றவை, வித்தியாசங்கள் வார்த்தைகளால் மூடப்பட்டிருக்கின்றன என்று விலகி நிற்கின்றன. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 15-ஆம் பத்தியை வாசித்த அன்று நானும் மனைவியும் அதைச் சேர்ந்து சத்தமாக வாசித்தோம்.

கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் இல்லை. இந்த வழக்கு மேற்கில் நடந்தது. அவர்கள் இரட்சிப்பை நீதிமன்றமாகவே முதலில் பார்ப்பதில்லை, நோய் குணமாவதாகவும் கடவுளின் வாழ்வில் பங்கு பெறுவதாகவும் பார்க்கிறார்கள். மருந்து முழுவதும் மருத்துவருடையது, அதை விழுங்குவது நோயாளி. விழுங்கியதற்காக எனக்குப் பாதிக் கூலி என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை.

இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன கிரியை செய்தான்?

நாம் கணக்கில் வைக்கிற எதையும் செய்யவில்லை. ஞானஸ்நானம் இல்லை, தருமம் இல்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் நேரமில்லை. ஆனால் அவன் சும்மாவும் இருக்கவில்லை. இயேசுவை இகழ்ந்த மற்றக் கள்ளனைக் கடிந்துகொண்டான், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அத்தனை பேர் கேலி செய்த ஒருவரை ராஜா என்று நம்பி 'அடியேனை நினைத்தருளும்' என்று கேட்டான். கை கால்கள் ஆணியடிக்கப்பட்டவனுக்கு மிச்சமிருந்தது வாய் மட்டும்.

மத்தேயு 25-இல் நற்செயலை வைத்துத்தானே தீர்ப்பு?

ஆமாம். பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், காவலிலிருந்தேன் என்று ராஜா சொல்லும் அந்தப் பகுதியில் 'நீ எதை விசுவாசித்தாய்' என்ற கேள்வியே வருவதில்லை. பவுலும் தேவன் 'அவனவனுடைய கிரியைகளுக்குத்தக்கதாய்' பலனளிப்பார் என்கிறார் (ரோமர் 2:6). இதை எந்தப் புராட்டஸ்டன்டும் தாண்டிப் போகக் கூடாது.

அதே பகுதியில் ஒன்றை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. வலது பக்கத்தில் நின்றவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். 'ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டு' போஜனம் கொடுத்தோம் என்கிறார்கள். அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. இரட்சிப்புக்கு மதிப்பெண் சேர்ப்பதற்காகச் சோறு போட்டிருந்தால் தேதியும் நேரமும் நினைவிருந்திருக்கும்.

கிருபையால் இரட்சிப்பு என்றால் எப்படியும் வாழலாம் அல்லவா?

பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். 'கூடாதே' என்றார் (ரோமர் 6). லூத்தரின் நண்பர் அக்ரிகோலா, விசுவாசிக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே தேவையில்லை என்றபோது லூத்தர் அவரோடு சண்டை போட்டார். லூத்தருக்குப் பின் அவருடைய சீடர்களுக்குள்ளேயே விசித்திரமான ஒரு தகராறு எழுந்தது. நற்செயல் இரட்சிப்புக்கு அவசியம் என்றார் ஜார்ஜ் மேஜர் என்பவர். நற்செயல் இரட்சிப்புக்குக் கேடு என்றே சொல்லிவிட்டார் ஆம்ஸ்டார்ஃப். 1577-இல் லூத்தரன் சபைகள் எழுதிய இசைவு வாசகம் இரண்டையும் ஒதுக்கியது. நற்செயல் அவசியம், ஆனால் இரட்சிப்பின் விலையாக அல்ல என்றது.

1937-இல் ஜெர்மனியில் போன்ஹோஃபர் 'மலிவான கிருபை' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். சீஷத்துவம் இல்லாத கிருபை, சிலுவை இல்லாத கிருபை. விசுவாசம் மட்டும் என்று வாயாரச் சொன்ன ஒரு தேசத்தின் சபைகளில் பல ஹிட்லருக்கு முன் அடங்கிப்போன காலம் அது. அவர் லூத்தரன் போதகர், லூத்தரை விட்டு விலகாமலேயே இதை எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். தான் இரட்சிக்கப்பட்ட தேதியை மறக்காமல் சொல்வார். தம்பிக்குச் சேர வேண்டிய வீட்டுப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு, பல வருடம் அவரோடு பேசாமலும் இருந்தார். ஒரு நாள் எபேசியர் 2:8, 9 வசனங்களைப் பார்க்காமல் சொன்னார்: 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.' அடுத்த வசனத்தையும் சொல்லுங்கள் ஐயா என்றேன். தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து வாசித்தார்: 'நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்.' அதற்குப் பிறகு வகுப்புக்கு இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் தம்பியோடு வந்தார்.

ஞானஸ்நானமும் ஒரு கிரியைதானே?

பெறுகிறவனுடைய கிரியை அல்ல, கடவுளுடைய கிரியை என்று லூத்தரும் சொன்னார், கத்தோலிக்கரும் சொல்கிறார்கள். விசுவாசத்தின் வெளிப்படையான சாட்சி என்று பாப்டிஸ்ட் சபைகள் சொல்கின்றன. அது கூலிக்கான வேலை அல்ல என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

ஒருமுறை பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

1618-19-இல் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் மாமன்றம், கடவுள் தெரிந்துகொண்டவர்கள் முடிவுவரை காக்கப்படுவார்கள் என்றது. 'ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை' என்ற யோவான் 10 அவர்களின் ஆதாரம். கத்தோலிக்கர், லூத்தரன்கள், வெஸ்லியின் வழி வந்த மெதடிஸ்டுகள் ஆகியோர் இழக்க முடியும் என்பார்கள். மறுதலித்துப்போனவர்களைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் 6-ஐக் காட்டுவார்கள். நான் இந்த இரண்டு வசனங்களில் எதையும் மற்றதை வைத்து அழித்துவிட விரும்பவில்லை. பயந்தவனுக்கு முதலாவது, அலட்சியக்காரனுக்கு இரண்டாவது.

என் விசுவாசம் போதுமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்பவர்கள் அநேகமாகச் சிறைக்காவலனின் வரிசையில் நிற்பவர்கள். அலட்சியக்காரர்கள் இதைக் கேட்பதில்லை. உங்கள் விசுவாசத்தின் அளவைப் பார்க்காதீர்கள், யார்மேல் அதை வைத்திருக்கிறீர்களோ அவரைப் பாருங்கள். பிசாசு பிடித்த மகனின் தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்றான் (மாற்கு 9). அரைகுறையான அந்த விசுவாசத்துக்கே மகன் குணமானான்.

என் மாமியார் தினமும் ஜெபமாலை சொல்பவர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவர். கடைசி நாட்களில் ஒரு இரவு, நான் பக்கத்தில் இருந்தபோது, 'மாப்பிள்ளை, நான் செஞ்சதெல்லாம் போதுமா?' என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எத்தனையோ வகுப்பு எடுத்தவன், சொல்ல ஒன்றும் வரவில்லை. லூக்கா 23-ஐ எடுத்து வாசித்தேன். 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

'அவன் ஒண்ணுமே செய்யலையே.'

'ஆமா அத்தை. ஒண்ணும் செய்யல.'

ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கைக் குறைக்க எழுந்தேன். அப்போதுதான், இரவில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நர்ஸ் பெண்ணைப் பற்றிக் கேட்டார்.

'அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா மாப்பிள்ளை? போய்ப் பாருங்க.'